கேமரா உள்ளே போயும் பாலிப் ஏன் தப்பிவிடுகிறது?

கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி பரிசோதனை பற்றிச் சமீபமாக வந்த செய்திகளை வரிசையாகப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். செயற்கை நுண்ணறிவு மென்பொருளைச் சேர்த்துக்கொண்டால் மருத்துவர்கள் கூடுதலாகப் பாலிப்களை, அதாவது குடலின் உள்பக்கத்தில் உண்டாகும் புடைப்புகளை, கண்டுபிடிக்கிறார்கள் என்று பல ஆய்வுகள். அந்த மென்பொருளுக்குப் பழகிய மருத்துவர்கள், அது இல்லாமல் பார்த்தபோது முன்பைவிடக் குறைவாகவே கண்டுபிடித்தார்கள் என்று 2025-இல் ஓர் ஆய்வு. அதே ஆண்டில் பிரிட்டனின் மருத்துவ இதழான பிஎம்ஜேயின் வழிகாட்டுதல் குழு, வழக்கமான பரிசோதனைகளுக்கு இது வேண்டாம் என்ற பக்கம் சாய்ந்தது, அதுவும் அடித்துச் சொல்லாமல், தயக்கத்தோடு. எதை நம்புவது?

மூன்றையுமே நம்பலாம். ஒன்றோடொன்று மோதுவது போலத் தெரிவதற்குக் காரணம், 'கண்டுபிடிப்பது' என்கிற ஒரே சொல்லுக்குள் இரண்டு மூன்று வேலைகள் சேர்ந்து கிடப்பதுதான். அவற்றைப் பிரித்துப் பார்க்க அடிப்படையிலிருந்தே வருவோம்.

## எதைத் தேடுகிறார்கள்?

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாய். அதன் உள்பக்கத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வின் செல்கள் சில நாட்களுக்கொரு முறை உதிர்ந்து, புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும். இந்தப் புதுப்பித்தலில் எங்காவது கட்டுப்பாடு தவறினால் அங்கே ஒரு புடைப்பு உண்டாகிறது. அதைத்தான் பாலிப் என்கிறார்கள். இந்தச் சொல் வடிவத்தை மட்டுமே குறிக்கும்; உள்ளே என்ன இருக்கிறது என்பது அதை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் உறுதியாகும். எல்லாப் பாலிப்பும் ஆபத்தானது என்றில்லை. கவலைப்பட வேண்டியவை முக்கியமாக இரண்டு குடும்பங்கள்.

1. அடினோமா. பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்களின் தொடக்கம் இதுதான். ஏபிசி, கேராஸ், டிபி53 போன்ற மரபணுக்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோளாறு சேர்ந்து, சாதாரணச் சவ்வு அடினோமாவாகி, அது வளர்ந்து புற்றாகிறது என்ற படிக்கட்டு விளக்கத்தை ஃபியரன், வோகல்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1990-இல் முன்வைத்தார்கள். இந்தப் படிகளைக் கடக்கப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் போல ஆகும். பெரும்பாலான அடினோமாக்கள் கடைசிப் படிவரை போவதே இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2. செரேட்டட் பாலிப். இதன் சுரப்பிகள் நுண்ணோக்கியில் ரம்பப்பல் போலத் தெரிவதால் இந்தப் பெயர். இதிலும் மலக்குடலில் காணப்படும் குட்டிகள் பெரும்பாலும் சாதுவானவை. வலப்பக்கப் பெருங்குடலில் தட்டையாகப் படர்ந்து கிடக்கும் வகைதான் சிக்கல். பெருங்குடல் புற்றுநோய்களில் 15 முதல் 30 சதவீதம் வரை இந்த வழியில் வருவதாக மதிப்பிடுகிறார்கள்.

இப்படி மெதுவாக வளர்வதுதான் கொலனோஸ்கோபிக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. பல புற்றுநோய்ப் பரிசோதனைகள் வந்துவிட்ட நோயைச் சீக்கிரம் பிடிக்கும், அவ்வளவுதான். இதிலோ நோய் ஆவதற்கு முன்பே மூலத்தை அறுத்து எடுத்துவிடலாம். அதே குழாய் வழியாகக் கம்பிச் சுருக்கு ஒன்றை விட்டுப் பாலிப்பை வெட்டி எடுக்கும் முறையை 1969-இல் நியூயார்க்கில் ஷின்யா, உல்ஃப் என்ற மருத்துவர்கள் தொடங்கினார்கள். அமெரிக்காவின் தேசியப் பாலிப் ஆய்வில் அடினோமா அகற்றப்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2012-இல் கணக்குப் பார்த்தபோது, பொது மக்களிடம் எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட அவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் மரணம் 53 சதவீதம் குறைவாக இருந்தது.

ஆனால் எடுப்பதற்கு முதலில் கண்ணில் பட வேண்டுமே.

## எவ்வளவு தவறிப்போகிறது?

இதை அளக்க ஒரு நேரடியான வழி இருக்கிறது. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் அடுத்தடுத்து இரண்டு முறை கொலனோஸ்கோபி செய்வது. முதல் முறை கண்டதையெல்லாம் எடுத்துவிட்டு, மறுபடி போய் என்ன மிச்சம் கிடக்கிறது என்று பார்ப்பது. 1997-இல் வெளிவந்த இப்படியான ஆய்வு ஒன்றில் அடினோமாக்களில் 24 சதவீதம் முதல் சுற்றில் தப்பியிருந்தன. அளவைப் பொறுத்துப் பார்த்தால்: 5 மில்லிமீட்டரும் அதற்குக் கீழும் உள்ளவை 27 சதவீதம், 6 முதல் 9 மில்லிமீட்டர் வரை 13 சதவீதம், ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளவை 6 சதவீதம்.

அப்புறம் கேமராக்கள் எவ்வளவோ மாறின. ஆனால் 2019-இல் இத்தகைய 15,000-க்கும் மேற்பட்ட இரட்டைப் பரிசோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் அடினோமாக்களில் 26 சதவீதம் தவறிப்போவது தெரிந்தது. பெரிதாக வளர்ந்தோ, செல் மாற்றம் முற்றியோ இருக்கும் அடினோமாக்களில் 9 சதவீதம்.

நான்கில் ஒன்று என்று கேட்டதும் பதற வேண்டாம். தப்புவதில் பெரும்பகுதி பொடிசுகள், அடுத்த பரிசோதனைவரை பெரும்பாலும் ஒன்றும் செய்யாதவை. ஆனால் அந்த 6 சதவீதமும் 9 சதவீதமும் சும்மா விடக்கூடியவை இல்லை. கொலனோஸ்கோபி செய்து 'எல்லாம் சரி' என்று அனுப்பப்பட்டவருக்கு அடுத்த பரிசோதனைத் தேதிக்கு முன்பே புற்றுநோய் வந்தால் அதை இடைக்காலப் புற்றுநோய் என்கிறார்கள். அதற்கு மூன்று காரணங்கள்: இருந்ததைப் பார்க்காமல் விட்டது, பார்த்ததை முழுசாக எடுக்காமல் விட்டது, நிஜமாகவே புதிதாக முளைத்து வேகமாக வளர்ந்தது. முதலாவதுதான் அதிகம். இரண்டாவதும் லேசுப்பட்டதில்லை, 2013-இல் வந்த ஓர் ஆய்வில் 5 முதல் 20 மில்லிமீட்டர் அளவுள்ள பாலிப்களை அகற்றிய பிறகு விளிம்பைச் சோதித்தபோது, பத்தில் ஒன்றில் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

## தப்புவதில் இரண்டு வகை

கட்டுரையின் மையம் இதுதான். மீதி எல்லாம் இதிலிருந்து வருகிறது.

முதல் வகை, திரைக்கே வராமல் போவது. பெருங்குடலின் உள்சுவர் வழவழப்பான குழாய் மாதிரி இருக்காது. அரைவட்ட மடிப்புகள் வரிசையாக உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். கேமராவோ முன்னோக்கிப் பார்ப்பது, 140 முதல் 170 டிகிரி கோணம். மடிப்பின் முன்பக்கம் தெரியும், முதுகுப்பக்கம் தெரியாது. குழாயைக் கடைசிவரை, அதாவது சிறுகுடல் வந்து சேரும் சீக்கம் வரை கொண்டுபோய்விட்டு, வெளியே இழுக்கும்போதுதான் தேடல் நடக்கிறது. ஈரலுக்குக் கீழே குடல் திரும்பும் வளைவில் என்ன ஆகிறது என்று பாருங்கள். குழாயின் மேல் சுருங்கிக் கோர்த்துக்கிடந்த குடல் சட்டென்று விடுபட்டு நழுவும். திரையில் ஒரு நொடிக்குள் நாலைந்து மடிப்புகள் மங்கலாக ஓடி மறையும். அந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி உள்ளே தள்ளி, மெதுவாக இழுத்து, நுனியை வளைத்து ஒவ்வொரு மடிப்புக்குப் பின்னாலும் எட்டிப்பார்க்கிற மருத்துவரும் உண்டு, 'பார்த்தாயிற்று' என்று அடுத்த பகுதிக்குப் போகிறவரும் உண்டு. சுத்தமாகாத குடலும் இந்த வகைதான். மலம் மூடிய சவ்வு திரைக்கு வராத சவ்வு.

இரண்டாம் வகை, திரைக்கு வந்தும் கண்ணில் படாமல் போவது. தண்டோடு தொங்கும் பாலிப்பை யாரும் விடமாட்டார்கள். தட்டையான செரேட்டட் பாலிப் வேறு ரகம். சுற்றியுள்ள சவ்வின் நிறமேதான், விளிம்பு கரைந்திருக்கும், மேலே மஞ்சள் பச்சையாகச் சளி ஒரு தொப்பி போலப் போர்த்தியிருக்கும். பார்ப்பவருக்கு அது ஒட்டிக்கிடக்கும் அழுக்காகத்தான் தோன்றும். தண்ணீரைப் பீய்ச்சி அந்தச் சளியைக் கழுவிவிட்டால், கீழே சவ்வின் மெல்லிய ரத்தநாளக் கோடுகள் ஓரிடத்தில் வந்து காணாமல் போவது தெரியும். துப்பு அவ்வளவுதான். 'இந்தக் கறை ஏன் இங்கே மட்டும்?' என்று நின்று கழுவிப் பார்ப்பவருக்குத்தான் அது கிடைக்கும்.

ஒரு புதிய கருவியையோ முறையையோ பற்றிச் செய்தி வந்தால் முதலில் கேட்க வேண்டியது, இது எந்த வகைத் தவறைச் சரிசெய்கிறது என்பதைத்தான்.

## ஏடிஆர்: மருத்துவருக்கு ஒரு மதிப்பெண்

யார் எவ்வளவு விடுகிறார்கள் என்று எல்லோருக்கும் இரட்டைப் பரிசோதனை செய்து பார்க்க முடியாது. அதனால் மறைமுகமாக ஓர் அளவுகோல் வைத்தார்கள். ஒரு மருத்துவர் செய்யும் கொலனோஸ்கோபிகளில் எத்தனை சதவீதத்தில் குறைந்தது ஓர் அடினோமாவாவது கண்டுபிடிக்கப்பட்டது? அதுதான் அடினோமா கண்டறிதல் விகிதம், சுருக்கமாக ஏடிஆர்.

இதற்கு இவ்வளவு மதிப்பு வந்தது இரண்டு பெரிய ஆய்வுகளால். 2010-இல் போலந்தில் 186 மருத்துவர்கள் செய்த 45,000-க்கும் மேற்பட்ட பரிசோதனைகளை அலசியபோது, ஏடிஆர் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்த மருத்துவர்களிடம் போனவர்களுக்கு இடைக்காலப் புற்றுநோய் வரும் அபாயம் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. 2014-இல் அமெரிக்காவில் 136 மருத்துவர்கள் செய்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பரிசோதனைகளைப் பார்த்தார்கள். அதில் மருத்துவருக்கு மருத்துவர் ஏடிஆர் 7.4 சதவீதத்திலிருந்து 52.5 சதவீதம் வரை மாறியது. ஒரே வேலை, ஒரே மாதிரிக் கருவி, ஏழு மடங்கு வித்தியாசம்! ஏடிஆர் ஒரு புள்ளி கூடினால் இடைக்காலப் புற்றுநோய் அபாயம் 3 சதவீதம் குறைவதாகவும் கணக்கிட்டார்கள்.

அமெரிக்கக் குடல்நோய்ச் சங்கங்கள் குறைந்தபட்ச ஏடிஆர் 25 சதவீதம் என்று 2015-இல் வைத்திருந்ததை 2024-இல் 35 சதவீதமாக உயர்த்தின. ஆண்களிடம் 40, பெண்களிடம் 30. செரேட்டட் பாலிப்புக்கும் தனியாக 6 சதவீதம் என்று ஓர் இலக்கு வந்தது. அது வர வேண்டியதுதான், ஏனென்றால் ஏடிஆர் கணக்கில் செரேட்டட் பாலிப் சேராது. வலப்பக்கத்தை மேலோட்டமாகப் பார்க்கும் மருத்துவர்கூட ஏடிஆரில் தேர்ச்சி பெற்றுவிடலாம். ஏடிஆரில் இன்னொரு ஓட்டையும் உண்டு. ஓர் அடினோமா கிடைத்தால் போதும், அந்த நோயாளி கணக்கில் ஏறிவிடுவார். இரண்டாவதையும் மூன்றாவதையும் தேடினாரா என்பதை ஏடிஆர் கேட்பதில்லை. அதனால்தான் ஒரு பரிசோதனைக்குச் சராசரியாக எத்தனை அடினோமா என்ற கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

## திரைக்குக் கொண்டுவரும் வேலை

முதல் வகைத் தவறுக்கான தீர்வுகளில் பலவற்றுக்குப் பெரிய செலவே இல்லை. செய்திகளில் அதிகம் வராததற்கும் அதுதான் காரணமோ என்னவோ.

1. பேதி மருந்தை இரண்டாகப் பிரித்துக் குடிப்பது. முழுவதையும் முந்தைய நாளே குடித்துவிட்டால், இரவில் சிறுகுடலிலிருந்து பித்தநீரும் சுரப்புகளும் இறங்கி வலப்பக்கப் பெருங்குடலில் பசை மாதிரிப் படிந்துவிடும். சரியாகத் தட்டையான பாலிப்கள் இருக்கும் இடம் அது. அதனால் பாதியை முந்தைய மாலையிலும், மீதியைப் பரிசோதனைக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் முன்பு தொடங்கியும் குடிக்கச் சொல்கிறார்கள். விடியற்காலையில் எழுந்து அந்தத் திரவத்தைக் குடிப்பது எரிச்சல்தான். ஆனால் இந்தப் பட்டியலில் நோயாளியின் கையில் இருப்பது இது ஒன்றுதான், பலனும் பெரிது.

2. நேரம். 2006-இல் 12 மருத்துவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், வெளியே இழுக்கும்போது சராசரியாக ஆறு நிமிடமோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் 28.3 சதவீதம் பேரிடம் பாலிப் வளர்ச்சியைக் கண்டார்கள், அதைவிட அவசரப்பட்டவர்கள் 11.8 சதவீதம் பேரிடம். அதிலிருந்து ஆறு நிமிடம் ஒரு விதியானது, 2024-இல் எட்டு நிமிடமாயிற்று. ஆனால் கடிகாரம் மட்டும் போதாது. ஒரு மருத்துவமனை ஏழு நிமிடம் கட்டாயம் என்று விதித்து எல்லோரையும் அதைக் கடைப்பிடிக்க வைத்துப் பார்த்தது, பாலிப் கண்டறிதல் உயரவில்லை. சும்மா மெதுவாக இழுத்தால் என்ன கிடைக்கும்? அந்த நேரத்தில் கழுவுவது, உறிஞ்சுவது, மடிப்பை விரிப்பது, பின்னால் எட்டுவது என்று வேலை நடக்க வேண்டும்.

3. வலப்பக்கத்தை இரண்டு முறை பார்ப்பது. சீக்கத்திலிருந்து கொஞ்சதூரம் இழுத்துவிட்டு, மறுபடி உள்ளே போய் இன்னொரு சுற்று. அல்லது குழாயின் நுனியை முழுவதுமாகத் திருப்பி, பின்னோக்கிப் பார்த்தபடி வருவது. 2009-இல் கனடாவில் வந்த ஓர் ஆய்வில் கொலனோஸ்கோபி செய்துகொண்டவர்களிடம் இடப்பக்கப் புற்றுநோயால் வரும் மரணம் நன்றாகக் குறைந்திருந்தது, வலப்பக்கத்தில் ஏறக்குறைய எந்தப் பலனும் தெரியவில்லை. மருத்துவ உலகத்தை உலுக்கிய முடிவு அது. இரண்டாம் சுற்றுப் பழக்கம் பரவியதன் பின்னணியில் இந்தக் கவலை இருக்கிறது.

4. நுனியில் மாட்டும் துணைப்பொருட்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடி, அல்லது மென்மையான விரல்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும் எண்டோகஃப் போன்ற வளையம். உள்ளே போகும்போது விரல்கள் மடங்கிக்கொள்ளும், இழுக்கும்போது விரிந்து மடிப்புகளைத் தட்டையாக்கும். காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரை நிரப்பி, அழுக்கோடு உறிஞ்சியபடியே உள்ளே போகும் முறையும் ஏடிஆரை உயர்த்துகிறது. நோயாளியை இடம், வலம், மல்லாந்து என்று புரட்டிப்போடுவதும் உதவும். காற்று மேல்பக்கம் ஏறி அந்தப் பகுதியை விரிக்கும்.

## கண்ணில் பட வைக்கும் வேலை

இரண்டாம் வகைக்குப் பழைய வைத்தியம் சாயம். இண்டிகோ கார்மைன், மெத்திலீன் நீலம் போன்ற நீலச் சாயத்தைச் சவ்வின்மேல் தெளித்தால் அது பள்ளங்களில் தங்கி, மேடும் விளிம்பும் எழும்பித் தெரியும். நன்றாக வேலை செய்யும், ஆனால் நேரம் பிடிக்கும். அதனால் எல்லோருக்கும் செய்வதில்லை, லிஞ்ச் சிண்ட்ரோம் போன்ற பரம்பரைக் கோளாறு உள்ளவர்களைப்போல அபாயம் கூடியவர்களிடம் பயன்படுத்துகிறார்கள்.

சாயமே இல்லாமல் வெளிச்சத்தை மாற்றியே அந்த விளைவைக் கொண்டுவரும் தொழில்நுட்பங்களும் வந்துவிட்டன. ஒலிம்பஸ் நிறுவனத்தின் என்பிஐ நீலம், பச்சை என்ற இரண்டு குறுகிய அலைவரிசைகளை மட்டும் பாய்ச்சும். ரத்தத்தின் ஹீமோகுளோபின் அவற்றை நன்றாக உறிஞ்சுவதால் நாளங்கள் கரும்பழுப்பாக எடுத்துக்காட்டும். அடினோமாவில் நாளங்கள் நெருக்கமாக இருப்பதால் அது தனித்துத் தெரியும். ஃபியூஜிஃபில்ம் நிறுவனத்தின் எல்சிஐ சிவப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டை அதிகப்படுத்திக் காட்டும்.

பயிற்சியைச் சேர்க்காமல் விட முடியாது. 2013-இல் வந்த ஓர் ஆய்வில் மருத்துவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் தட்டையான பாலிப்களை அடையாளம் காணவும் மடிப்புகளை ஒழுங்காகத் தேடவும் பாடம் நடத்தி, அவரவர் மதிப்பெண்ணையும் காட்டினார்கள். அந்தக் குழுவின் ஏடிஆர் 36 சதவீதத்திலிருந்து 47 சதவீதத்துக்குப் போனது. மற்றக் குழு இருந்த இடத்திலேயே இருந்தது. புதுக் கருவி எதுவும் வாங்காமல் 11 புள்ளி. களைப்புக்கும் பங்கு உண்டு: நாள் முழுவதும் தொடர்ந்து பார்ப்பவர்களிடம் நேரம் ஆக ஆகக் கண்டறிதல் இறங்குவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. திரையைச் செவிலியரும் கவனித்துக்கொண்டிருந்தால் கூடுதலாகச் சிலது கிடைக்கின்றன. இன்னொரு ஜோடிக் கண்.

## அந்த இன்னொரு ஜோடிக் கண்தான் ஏஐ

கேமரா அனுப்பும் வீடியோவைச் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) மென்பொருள் நொடிக்கு நொடி அலசி, பாலிப் மாதிரித் தெரியும் இடத்தைச் சுற்றித் திரையில் ஒரு பெட்டி போடும். அவ்வளவுதான் அதன் வேலை. ஜிஐ ஜீனியஸ் என்ற கருவிக்கு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021 ஏப்ரலில் அனுமதி கொடுத்தது, அங்கே இந்த வகையில் அனுமதி பெற்ற முதல் கருவி அது.

இப்போது முன்பு சொன்ன இரண்டு வகையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஏஐ திரையைத்தான் பார்க்கிறது. குடலைப் பார்ப்பதில்லை. மடிப்புக்குப் பின்னால் இருப்பதும், மலத்துக்கு அடியில் கிடப்பதும், வளைவில் நழுவி ஓடியதும் அதற்கும் தெரியாது. இரண்டாம் வகைத் தவறுக்கு மட்டுமே அது மருந்து. இதைப் பிடித்துக்கொண்டால் செய்திகள் மூன்றும் இடத்தில் பொருந்தும்.

1. 'கூடுதலாகக் கண்டுபிடிக்கிறது' என்பது. 2020-இல் இத்தாலியில் நடந்த சோதனையில் ஏடிஆர் 40.4 சதவீதத்திலிருந்து 54.8 சதவீதமாக உயர்ந்தது. 2023-இல் 21 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது 35.9-க்கு எதிராக 44 சதவீதம். உயர்வு நிஜமானது. ஆனால் அதே தொகுப்பில் முற்றிய அடினோமாக்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. கூடுதலாகக் கிடைத்தவை பெரும்பாலும் சிறியவை, கூடவே எடுக்கத் தேவையில்லாத சாதாரணப் பாலிப்களும் அதிகமாக வெட்டப்பட்டன. ஸ்பெயினில் மலத்தில் ரத்தம் உறுதியானவர்கள் 3,200 பேரிடம் செய்த சோதனையிலும் முற்றிய வளர்ச்சிகள் ஏஐயோடு 34.8 சதவீதம் பேரிடம், ஏஐ இல்லாமல் 34.6 சதவீதம் பேரிடம். பெரியதை மருத்துவரே பார்த்துவிடுகிறார்.

2. 'திறமை மழுங்குகிறது' என்பது. 2025-இல் லான்செட் குழும இதழில் வெளிவந்த ஆய்வு இது. போலந்தின் நான்கு மையங்களில் ஏஐ அறிமுகமாவதற்கு முந்தைய மூன்று மாதங்களையும் பிந்தைய மூன்று மாதங்களையும் ஒப்பிட்டார்கள். கணக்கில் எடுத்தது ஏஐ இல்லாமல் நடந்த பரிசோதனைகளை மட்டும். ஏடிஆர் 28.4 சதவீதத்திலிருந்து 22.4-க்கு இறங்கியிருந்தது. புதியவர்கள் இல்லை, ஒவ்வொருவரும் 2,000-க்கும் மேல் செய்த அனுபவசாலிகள். பெட்டி வரட்டும் என்று காத்திருக்கப் பழகிய கண், பெட்டி வராதபோது தானாகத் துழாவ மறந்துவிட்டதா? இருக்கலாம். ஆனால் இது பழைய பதிவுகளை வைத்துச் செய்த ஒப்பீடு. அந்தக் காலத்தில் வேலைப்பளு கூடியது போன்ற வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். 'ஏஐ மருத்துவர்களைக் கெடுத்தது' என்று தலைப்புப் போடும் அளவுக்கு அது நிரூபிக்கவில்லை, ஒதுக்கித் தள்ளும் அளவுக்கு லேசானதும் இல்லை.

3. 'வேண்டாம் என்கிறார்கள்' என்பது. பிஎம்ஜே குழு எடைபோட்டது ஏடிஆரை மட்டும் வைத்து இல்லை. புற்றுநோயும் மரணமும் எவ்வளவு குறையும், அதற்காக எத்தனை பேர் கூடுதல் பரிசோதனை வளையத்துக்குள் இழுக்கப்படுவார்கள் என்று பார்த்தது. பலன் சிறியதாகவும் நிச்சயமற்றதாகவும் இருந்ததால் அந்தப் பக்கம் சாய்ந்தது. அதே ஆண்டில் அமெரிக்கக் குடல்நோய்ச் சங்கமான ஏஜிஏ அதே மாதிரியான ஆதாரங்களை வைத்துக்கொண்டு, ஆதரித்தும் பரிந்துரைக்காமல் எதிர்த்தும் பரிந்துரைக்காமல் நின்றது.

## கூடுதல் பாலிப் என்றால் குறைவான புற்றுநோயா?

ஏடிஆர் கூடினால் புற்றுநோய் குறைகிறது என்று மேலே சொன்னோமே, அப்புறம் ஏன் ஏஐ உயர்த்தும் ஏடிஆருக்கு மட்டும் இந்தத் தயக்கம்? நியாயமான கேள்வி.

2014 ஆய்வில் உயர்ந்த ஏடிஆர் என்பது ஒரு மருத்துவரின் மொத்தப் பழக்கத்தின் அடையாளம். அவர் குடலைச் சுத்தமாகக் கழுவுகிறார், மடிப்புக்குப் பின்னால் பார்க்கிறார், சந்தேகப்பட்டு நிற்கிறார், கண்டதை முழுசாக எடுக்கிறார். புற்றுநோயைக் குறைத்தது இந்தப் பழக்கம் முழுவதும். மென்பொருள் அதில் ஒரு துண்டை மட்டும் கடன் கொடுக்கிறது. மதிப்பெண் அதே அளவு ஏறும், பின்னால் இருக்கும் பழக்கம் ஏறாது. உடம்பு சூடு காய்ச்சலைக் காட்டுகிறது என்பதற்காக, வெந்நீரில் வைத்து ஏற்றிய தெர்மாமீட்டரைப் பார்த்து மாத்திரை கொடுக்க முடியாதல்லவா, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

பின்விளைவும் இருக்கிறது. சின்ன அடினோமா ஒன்றிரண்டு இருந்தால் அமெரிக்க விதிப்படி 7 முதல் 10 ஆண்டுகளில் மறுபரிசோதனை, மூன்று நான்கு இருந்தால் 3 முதல் 5 ஆண்டுகளில். ஆகவே கூடுதலாக இரண்டு பொடிசுகள் கிடைத்தாலே ஒருவரின் அடுத்த தேதி பல ஆண்டுகள் முன்னால் வந்துவிடும். ஐரோப்பிய விதியிலோ நான்குவரை, ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே, செல் மாற்றம் முற்றாமல் இருந்தால் தனிக் கண்காணிப்பே தேவையில்லை. ஒரே குடல், ஒரே பாலிப்கள், ஆனால் எங்கே பரிசோதித்தார்கள் என்பதைப் பொறுத்து ஒருவர் மூன்று ஆண்டில் மறுபடி பேதி மருந்து குடிக்கிறார், இன்னொருவர் பத்து ஆண்டு நிம்மதியாக இருக்கிறார். கண்டறியும் கருவி கூர்மையாக ஆக, விதிகளையும் அதற்கேற்ப மாற்றாவிட்டால் வரிசைதான் நீளும். அந்த வரிசையில் முதல் பரிசோதனையே இன்னும் கிடைக்காதவர் பின்னால் நிற்பார்.

என் பார்வையில் ஏஐயை ஒதுக்க வேண்டியதில்லை. ஏடிஆர் குறைவாக உள்ள இடங்களில் அது நிச்சயம் கைகொடுக்கலாம். ஆனால் குடல் சுத்தம், நேரம், வலப்பக்கத்தின் இரண்டாம் சுற்று, பயிற்சி இவற்றைச் சரிசெய்யாமல் பெட்டி போடும் மென்பொருளை மட்டும் வாங்கி மாட்டுவது, கண்ணாடியைத் துடைக்காமல் விளக்கை மாற்றுகிற வேலை.

## அறிக்கையில் பார்க்க வேண்டிய வரிகள்

கொலனோஸ்கோபி முடிந்ததும் கையில் தரும் அறிக்கையில் இதெல்லாம் பெரும்பாலும் எழுதியிருக்கும்.

1. குடல் சுத்த மதிப்பெண். பாஸ்டன் அளவுகோல் என்றால் வலம், நடு, இடம் என்று மூன்று பகுதிக்கும் 0 முதல் 3 வரை தனித்தனி எண், மொத்தம் 9. மொத்தத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒவ்வொரு பகுதியும் 2-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். மொத்தம் 7 என்று இருந்தும் வலப்பக்கம் 1 என்றால் அந்தப் பகுதி சரியாகப் பார்க்கப்படவில்லை என்று பொருள். அடுத்த பரிசோதனையைப் பத்து ஆண்டு தள்ளிவைக்க அந்த அறிக்கை போதாது, ஓராண்டுக்குள் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

2. சீக்கம் வரை போனதா. குடல்வால் திறக்கும் துளையின் படமோ, சிறுகுடல் வால்வின் படமோ இருந்தால் நல்லது.

3. வெளியே இழுக்க எடுத்த நேரம். பாலிப் எதுவும் இல்லாத பரிசோதனையில் இந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம். பாலிப் எடுத்திருந்தால் அந்த நேரமும் கலந்துவிடும்.

4. பாலிப் எடுத்திருந்தால் அதன் அளவு, இடம், துண்டாக எடுத்தார்களா முழுசாகவா என்பது.

மருத்துவரின் ஏடிஆர் அறிக்கையில் இருக்காது, முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். கேட்பது மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை, கணக்கு வைத்திருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். பாலிப் எடுக்கப்பட்டிருந்தால் அடுத்த பரிசோதனை எப்போது என்பது திசு ஆய்வு முடிவு வந்த பிறகுதான் தீர்மானமாகும். அன்றைக்கே எழுதித் தரும் தேதி தற்காலிகமானது. அந்தத் தேதிக்கு முன்பு மலத்தில் ரத்தமோ, காரணமில்லாத ரத்தசோகையோ, மலம் கழிக்கும் பழக்கத்தில் நீடிக்கும் மாற்றமோ வந்தால் 'போன வருஷம்தான் பார்த்தோமே' என்று இருந்துவிடாமல் போய்க் காட்ட வேண்டும்.